சின்ன ஃப்ரிட்ஜ்

“பெத்த பாயின்ட் எக்கட உந்தி சார்?” என்று பெட்டிக்காரன் தெலுங்கில் மறுபடியும் கேட்டான்.

கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டியை ஹாலின் நடுவில் இறக்கி வைத்துவிட்டு, வயரின் தடித்த முனையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான். ராமசுவாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரிய பிளக் பாயின்ட்டைச் சுவரோரமாகத் தேடினார். டி.வி.க்குப் பின்னால் குனிந்து பார்த்தார், சோபாவை இழுத்துப் பார்த்தார். அகப்பட்டதெல்லாம் சின்னத் துளைகள். விடியற்காலையில் செத்துப்போன தம்பியின் வீட்டில் எந்தச் சுவரில் என்ன இருக்கிறது என்று பாளையங்கோட்டைக்காரருக்கு எப்படித் தெரியும்? டாக்டர் கையை விரித்துவிட்டார் என்று தகவல் போன பிறகுதான் அவர் ரயிலேறி ஹைதராபாத் வந்திருந்தார்.

கனகவல்லிக்குத் தெரியும். அவள் கணவன் சந்திரசேகரனின் தலைமாட்டில், சுவரில் சாய்ந்தும் சாயாமலும் உட்கார்ந்திருந்தாள். மல்காஜ்கிரியிலிருந்து ஆட்டோ பிடித்து ஓடிவந்த நாத்தனார் ரமணி அவள் தோளை அணைத்துப் பிடித்திருந்தாள். அழுது ஓய்ந்த நேரம். பெரிய பின் செருகுகிற இடம் அந்த ஹாலில் ஒன்றே ஒன்றுதான், பால்கனிக் கதவை ஒட்டி. அதில் சின்ன ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. கனகவல்லி சொல்லவில்லை. தேடி அலுத்துப்போய் அடுக்களையிலிருந்து வயர் இழுக்கட்டுமே என்று இருந்தாள்.

ராமசுவாமி விடுகிற ஆளா? கண்டுபிடித்துவிட்டார்.

“இந்தா இருக்குய்யா, வா” என்று சொல்லிக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினார். சின்ன ஃப்ரிட்ஜ் ஒரு குலுக்கு குலுங்கி அடங்கியது. பெட்டிக்காரன் தன் பின்னைச் செருகினான். பெட்டி உறுமத் தொடங்கியது.

“அத்தான், அந்தப் பிளக்கு...” என்று கனகவல்லி எழப் பார்த்தாள்.

ரமணி அவளை அமுக்கி உட்காரவைத்தாள். “பெட்டிக்குக் கரண்டு வந்துட்டு மதினி. அண்ணனுக்கு ஒண்ணும் ஆவாது. நாளைக்கு நம்ம தாரிணி வந்து மொகத்தப் பாக்குத வரைக்கும் அப்படியே இருப்பாவ.”

வந்திருந்தவர்கள் அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். புருஷனைத் தூக்கிப் பெட்டிக்குள் வைக்கிற நேரத்தில் ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிற மீன் தீனிப் புழுப் பாக்கெட்டுக்காக வாதாடுகிறவளை நாலு பேர் என்ன நினைப்பார்கள்? கனகவல்லி வாயை மூடிக்கொண்டாள். வெளியே மே மாதத்து வெயில் காலையிலேயே கொளுத்திக்கொண்டிருந்தது. கன்டோன்மென்ட் சுவருக்கு அந்தப் பக்கத்து வேப்பமரங்களில் ஓர் இலைகூட அசையவில்லை.

அந்தச் சின்ன ஃப்ரிட்ஜ் வீட்டுக்கு வந்ததே ஒரு சண்டையில்தான். முட்டை வாசனைகூட அறியாத சைவப் பிள்ளைமார் வீடு. சந்திரசேகரன் வேலை பார்த்த பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை அவருடைய ஊரை மாற்றியது, மொழியைக் கொஞ்சம் மாற்றியது, நாக்கை மட்டும் மாற்றவில்லை. அப்படிப்பட்ட மனிதர் லோத்குண்டாவில் இந்த வீட்டை வாங்கிக் குடிவந்ததும் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றை ஹாலில் வைத்து, டிஸ்கஸ் என்ற ஜாதி மீன்களை வாங்கிவிட்டார். உள்ளங்கை அகலத்தில் வட்டவட்டமாக, நீலமும் ஆரஞ்சுமாக ஆறு மீன்கள். வளர்க்கத்தானே செய்கிறார், தின்னவா போகிறார் என்று கனகவல்லி விட்டுவிட்டாள்.

பிறகு ஒருநாள் பட்டாணி எடுக்க ஃப்ரீசரைத் திறந்தவள், மாத்திரை அட்டையைப் போலக் கட்டம் கட்டமாக இருந்த ஒன்றை எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சிவப்பாக, நூல் நூலாக, உறைந்துபோன புழு. அன்றைக்கு அவள் தலைமுழுகினாள், ஃப்ரிட்ஜைக் கழுவிக் கவிழ்த்தாள், அடுப்புப் பக்கமே போகவில்லை.

“ஒண்ணு இது இருக்கணும், இல்லைன்னா நான் இருக்கணும்” என்றாள்.

சந்திரசேகரன் பதில் சொல்லவில்லை. அவர் எதற்குத்தான் பதில் சொன்னார்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் கடையிலிருந்து இடுப்புயர ஃப்ரிட்ஜ் ஒன்று வந்து பால்கனிக் கதவோரம் உட்கார்ந்தது. அவளும் இருந்தாள், புழுவும் இருந்தது. அதைச் சுற்றிப் பெருக்குவாள், தரையைத் துடைப்பாள், கதவில் ஒரு விரல் படாமல் பார்த்துக்கொள்வாள்.

அவர் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை ஓங்கியது கிடையாது. பேச்சும் கிடையாது, அவ்வளவுதான். “சோறு வை.” “கதவச் சாத்து.” “வாரேன்.” இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே ஒரு கல்யாண வாழ்க்கையை ஓட்டிவிட முடியும் என்று அவர் நிரூபித்துவிட்டார். மகள் தாரிணி இருந்தவரை வீட்டில் கலகலப்பு இருந்தது. அவள் வேலை கிடைத்து டொரன்டோவுக்குப் போனபிறகு, சாயங்காலங்களில் தொட்டியின் மோட்டார்தான் பேசிக்கொண்டிருந்தது.

குளிர் விடுகிற சமயத்தில் அவருக்குக் கணையத்தில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரியில் படுத்த மறுநாள் அவரே வீடியோவில் போன் செய்தார்.

“ஏட்டி, மீனுக்குத் தீனி போடணும்.”

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஒரு வார்த்தை இல்லை. கனகவல்லிக்கு எரிச்சல் மண்டியது. “எனக்கு அருவருப்பா இருக்கு. கடையில விக்குதே குச்சித் தீனி, அத வாங்கிப் போடுதேன்.”

“அத திங்காது. பழகல. பட்டினியாவே கெடந்து செத்துப்போகும். நீ போனத் தொட்டிப் பக்கத்துல சாச்சு வை. நான் சொல்லுதேன்.”

சொன்னார். முந்தானையால் மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அவள் முதல்முறையாக அந்தக் கதவைத் திறந்தாள்.

“ஒரே ஒரு கட்டத்தப் பின்னால இருந்து அமுக்கு, விழுந்துரும். மிச்சத்த உடனே கவர்ல போட்டு, காத்த வெளியேத்தி, உள்ளார தள்ளி வை. கதவுப் பக்கமா வைக்காத, தொறக்க தொறக்க அங்கதான் சூடு ஏறும்.”

“வெந்நி ஊத்துனா சட்டுன்னு உருகிராதா?”

“கூடாது. வெளிய வெந்துரும், நடுவுல கல்லா நிக்கும். கிண்ணத்துல தொட்டித் தண்ணி கொஞ்சம் எடுத்து, அதுல போட்டு மூடி, ஃப்ரிட்ஜுலயே கீழ்த் தட்டுல வை. மெதுவா உருகட்டும். மேடையில வைக்காத. இந்த ஊரு வெயிலுக்கு உருகும்போதே கெட்டுரும்.”

உருகியதை டீ வடிகட்டியில் வடிக்க வேண்டும். அந்தச் சிவப்புத் தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகக் கூடாது. ஒரு சிட்டிகை போட்டு, தின்ற பிறகு இன்னொரு சிட்டிகை. மிஞ்சியதைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இதையெல்லாம் ஒருமுறை சொன்னவர், ஒன்றை மட்டும் பேசும்போதெல்லாம் சொன்னார்.

“ஒரு தடவ உருகினத மறுபடி உறைய வைக்கவே கூடாது, கேட்டியா? கரண்டு இல்லாமக் கெடந்துதுன்னா யோசிக்காத, அப்படியே தூக்கிப் போட்டுரு. பாக்க ஒண்ணும் தெரியாது. மீனு ஆசையாத் திங்கும். தின்னுட்டு வயிறு ஊதிச் சாவும்.”

தினமும் அவள் வடிகட்டியை போன் முன்னால் காட்ட வேண்டும். “கிட்ட காட்டு. இன்னும் கிட்ட” என்பார். சில நாள் அவள் வேண்டுமென்றே தள்ளிக் காட்டுவாள், இன்னும் இரண்டு வார்த்தை வரட்டும் என்று. ஒருநாள் அவர் உற்றுப் பார்த்துவிட்டு, “நல்லா வடிச்சிருக்க” என்றார்.

அவள் போனை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய் அழுதாள். இத்தனை வருஷம் வைத்த குழம்புக்கும் ரசத்துக்கும் கிடைக்காத சான்றிதழ் புழுவுக்குக் கிடைத்துவிட்டது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அழுதாள். ஆனால் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்த வயதில் இதற்குப் போய் இவ்வளவு சந்தோஷமா என்று வெட்கமாகவும் இருந்தது.

இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிய பிறகு, கட்டிலைத் தொட்டிக்கு எதிரே போட்டாள். அப்போதும் மீன் பேச்சுத்தான். அந்தப் பெரியவன் மற்றதை முட்டுகிறான், அந்தச் சின்னது இன்றைக்குச் சரியாகத் தின்னவில்லை. கடைசி வாரத்தில் குரல் போய்விட்டது. நேற்றுச் சாயங்காலம்கூட அவள் வடிகட்டியை அவர் முகத்தருகே காட்டினாள். அவர் கண்ணை மூடித் திறந்தார். விடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

அந்த ஆறு மீன்களும் உயிரோடு இருந்தால்தான் அவர் தன்னிடம் பேசினார் என்பது நிஜம் என்று கனகவல்லிக்குத் தோன்றியது. காலையும் மாலையும் அவர் சொன்னதைச் சொன்னபடி செய்யலாம். கிண்ணம், வடிகட்டி, ஒரு சிட்டிகை. அவையும் போய்விட்டால் மிச்சம் என்ன? சோறு வை, கதவச் சாத்து, வாரேன்.

குளிர்பெட்டி தொட்டிக்கு எதிரேதான் கிடந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் பெட்டியைச் சுற்றி நிற்க நிற்க, மீன்கள் எல்லாம் கண்ணாடியோரம் வந்து கூடிவிட்டன. தொழிற்சாலை நண்பர் ஒருவரின் மனைவி புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். “வாயில்லா ஜீவன், எஜமானையே பாத்துண்டு நிக்கறது பாருங்கோ.” கனகவல்லிக்கு அந்த நிலையிலும் எரிச்சல் வந்தது. அவை யாரையும் பார்க்கவில்லை. ஆள் வந்து நின்றால் தீனி வரும் என்று வருகின்றன. காலையில் யாரும் எதுவும் போடவில்லை, பசி.

கேத வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் எதிர் வீட்டு நஸ்ரின் பெரிய ஃப்ளாஸ்கில் டீ கொண்டுவந்தாள். எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கனகவல்லியின் எதிரே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு டம்ளரை நீட்டினாள்.

“தோடா பீ லோ ஆன்ட்டி. வேற ஏதாவது வேணுமா? குச் பீ?”

நஸ்ரினின் ஃப்ரீசரில் இடம் இருக்கும். கதவைத் திறந்து, அட்டைகளை ஒரு கவரில் போட்டு, எதிர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பிளக்கைப் பிடுங்கி அதிக நேரம் ஆகவில்லை. உறைந்தது உறைந்தபடியே இருக்கும். கனகவல்லியின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்தில் ரமணி இருந்தாள். ரமணிக்கு அப்பால் இன்னும் நாலைந்து பெண்கள், எல்லாரும் இந்தப் பக்கமே காதை வைத்துக்கொண்டு. அண்ணன் பெட்டியில் கிடக்கிறார், மதினி புழுவைப் பத்திரப்படுத்துகிறாள் என்று பேச்சு பாளையங்கோட்டை வரைக்கும் போகும்.

“நக்கோ நஸ்ரின்” என்றாள். “எதுவும் வேண்டாம்.”

நஸ்ரின் அவள் கையை ஒருமுறை பிடித்து அழுத்திவிட்டு எழுந்து போனாள். அந்த முதுகு வாசலைத் தாண்டும் வரைக்கும் கனகவல்லி பார்த்துக்கொண்டே இருந்தாள். கூப்பிட்டால் திரும்பியிருப்பாள். கூப்பிடவில்லை.

பிறகு மனதைத் தேற்றிக்கொண்டாள். மீன் இரண்டு மூன்று நாள் பட்டினி தாங்கும், அவரே சொல்லியிருக்கிறார். நாளைக்கு இவரை எடுத்த கையோடு முதல் வேலையாக அந்த அட்டைகளை எல்லாம் குப்பையில் போட்டுவிட வேண்டும். நஸ்ரின் வீட்டுக்காரரிடம் சொன்னால் புதுப் பாக்கெட் வாங்கி வந்துவிடுவார். போனது போகட்டும், மீனைக் காப்பாற்றிவிடலாம்.

தாரிணி மறுநாள் காலையில் வந்தாள். பெட்டியின் மேல் குனிந்து நின்றவள் அழவில்லை.

“ஏன்மா அப்பா இவ்ளோ சின்னதா ஆயிட்டாங்க?” என்றாள்.

பெட்டியின் கண்ணாடியைத் தடவினாள். “நெக்ஸ்ட் மன்த் வரேன்னு சொன்னேன்ல? அப்பா ஓகேன்னுதானே சொன்னாங்க?” அதற்குப் பிறகுதான் அழ ஆரம்பித்தாள். மூச்சு முட்டி, மூக்கு அடைத்து, கண் ரெப்பை தடித்துப்போகும்வரை அழுதாள். அவளைப் பிடிக்க ரமணியாலும் முடியவில்லை.

கீழே பார்க்கிங் குழாயில் குடத்தில் தண்ணீர் பிடித்து நீர்மாலை எடுத்து வந்தார்கள். குளிப்பாட்டி, வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசினார்கள். மகன் இல்லாத குறைக்கு ராமசுவாமிதான் கொள்ளி. தம்பிக்கு அண்ணன் கொள்ளி வைக்கிற கொடுமையைச் சொல்லிச் சொல்லி அவர் தூணில்லாத அந்த ஹாலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். லிஃப்டில் பாடை நுழையவில்லை. படி வழியாகச் சாய்த்துச் சாய்த்து இறக்கினார்கள். வண்டி மின்மயானத்துக்குக் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

பெண்களின் குளியல் தொடங்கியது. தாரிணியை முதலில் அனுப்பினார்கள். அடுத்தது கனகவல்லி. அவளாகக் குளிக்க விடவில்லை. ரமணியும் இன்னொருத்தியும் உள்ளே வந்து அவளை முக்காலியில் உட்காரவைத்து, தலையில் மாறி மாறித் தண்ணீர் ஊற்றினார்கள். போதும் போதும் என்றாள். “இருங்க மதினி, தீட்டு முழுசாப் போகணும்லா” என்று இன்னும் ஊற்றினார்கள். அவள் மனசெல்லாம் சின்ன ஃப்ரிட்ஜிலேயே இருந்தது. வெளியே போனதும் கறுப்புக் கவர் ஒன்று எடுக்க வேண்டும், அட்டைகளை எல்லாம் அதில் போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும்.

தலையில் துண்டோடு ஹாலுக்கு வந்தாள். தாரிணி தொட்டியின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து முதல்முறையாக அந்த முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

“அம்மா, சாப்டுதுங்க பாரேன்!”

தண்ணீர் முழுக்கச் சிவப்பு. புழுக்கள் கொத்துக் கொத்தாக மிதந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஆறு மீன்களும் முட்டி மோதித் தின்றுகொண்டிருந்தன. அவ்வளவு ஆசையாக அவை தின்று கனகவல்லி பார்த்ததேயில்லை. சின்ன ஃப்ரிட்ஜின் கதவு திறந்தபடி கிடந்தது. தரையில் காலி அட்டைகள்.

“எல்லாத்தையுமா போட்ட?”

“ஆமாம்மா. பாவம், கிளாஸ் கிட்டயே நிக்குதுங்க. ஃப்ரிட்ஜ் ஆஃப் ஆகி இருந்துச்சு, ஆனா நல்லவேளை எல்லாம் ஏற்கனவே உருகி ரெடியா இருந்துச்சு. அப்பாவும் உருக வச்சுத்தானே போடுவாங்க? வேஸ்ட் ஆயிடும்னு மொத்தமா போட்டுட்டேன்.”

நாற்றம் வாசற்படி வரைக்கும் அடித்தது. அழுது அடைத்த தாரிணியின் மூக்குக்கு அது எட்டவில்லை.

கனகவல்லி வாயைத் திறந்தாள். என்னடி செய்துவிட்டாய் என்று கத்தத்தான் திறந்தாள். அதற்குள் தாரிணி பேசிவிட்டாள்.

“ஹாஸ்பிடல்ல இருந்தப்போ வரல. வீட்டுக்கு வந்தப்போ வரல. அப்பாக்கு நான் எதுவுமே பண்ணலமா. இதையாவது பண்ணேன்ல?”

தலைத் துண்டிலிருந்து தண்ணீர் கனகவல்லியின் முதுகில் வழிந்துகொண்டிருந்தது. சொன்னால் மீன் பிழைக்கப்போவதில்லை. சொன்னால் இவள் பிழைக்கமாட்டாள். ஆயுசு முழுக்க இதைச் சுமந்துகொண்டு திரிவாள்.

“பண்ணிட்டம்மா” என்றாள். “நல்லாப் பண்ணிட்ட. நீ செத்த நேரம் படு. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு.”

“நீ என்னமா பண்ணப் போற?”

“தண்ணி மாத்தணும். தீனி போட்டதும் அப்பா தண்ணி மாத்துவாவல்லா.”

மாற்றுவதற்கு இரண்டு நாள் வெயிலில் வைத்து குளோரின் மருந்து வாசனை போக்கிய தண்ணீர் வேண்டும். அதற்கென்றே பால்கனியில் நீல டிரம் நிறைய வைத்திருந்தாள். போய்ப் பார்த்தால் டிரம் கவிழ்ந்து கிடந்தது.

“வீடு கழுவத் தண்ணி பத்தல மதினி” என்றாள் ரமணி. “டேங்கர் சாயங்காலம்தான் வரும்னாவ. இது பழைய தண்ணிதான, எதுக்குக் கெடக்குன்னு குளிக்கதுக்கு முன்னாலயே எடுத்துக் கழுவிட்டேன்.”

ரமணியின் மேல் கோபப்பட்டு என்ன செய்ய? தரை பளிச்சென்று இருந்தது. சந்திரசேகரன் கிடந்த இடத்தில் விளக்கு எரிந்தது. கனகவல்லி அடுக்களையிலிருந்து குடிதண்ணீர் கேனை உருட்டிக்கொண்டு வந்தாள். சேலையை இழுத்துச் செருகி, தொட்டிக்குள் வலையை விட்டு, அள்ள முடிந்ததை அள்ளினாள். பாத்திரம் பாத்திரமாகச் சிவப்புத் தண்ணீரை மொண்டு பக்கெட்டில் கொட்டினாள், கேன் தண்ணீரை ஊற்றினாள். அது இவ்வளவு பெரிய தொட்டிக்கு எந்த மூலைக்குக் காணும்? நஸ்ரின் வீட்டிலிருந்து இன்னொரு கேன் வந்தது. அதுவும் தீர்ந்தது. தண்ணீர் சிவப்பிலிருந்து பால் கலந்ததுபோல் வெளுத்துக் கலங்கியது. கலங்கல் இறங்கவில்லை. மீன்களின் வயிறு புடைத்துக்கொண்டு வந்தது. நீலமும் ஆரஞ்சும் மங்கி, ஒவ்வொன்றாகக் கறுத்தன.

மயானத்திலிருந்து திரும்பிய ராமசுவாமி குளித்துவிட்டு உள்ளே வந்தார். அவளைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

“என்ன வல்லி இது? இன்னைக்கே இந்த வேலையெல்லாம் பாக்கணுமா? பேசாம இரும்மா.”

“இந்தா ஆயிட்டு அத்தான்.”

பெட்டிக்காரன் வந்து பெட்டியை எடுத்துப்போனான். ராமசுவாமி மறக்காமல் போய்ச் சின்ன ஃப்ரிட்ஜின் பிளக்கை மாட்டிவிட்டார். பொறுப்பான மனிதர். “உன் ஃப்ரிட்ஜப் போட்டாச்சு, பாத்துக்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டும் போனார். உள்ளே ஒன்றும் இல்லாமல் அது ஓட ஆரம்பித்தது.

வெயில் இறங்கிய நேரம் வந்தவர்கள் கலைந்தார்கள். ராமசுவாமி உள்ளறையில் கட்டிலில் சாய்ந்துவிட்டார், ரமணி அவருக்குக் கஞ்சி வாங்க நஸ்ரின் வீட்டுக்குப் போயிருந்தாள். ஹாலில் தாரிணி மட்டும், தொட்டியைப் பார்த்தபடி பாயில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் முழுக்கப் பறந்து வந்த தூக்கம், அசைவில்லை. கை தரையில் மல்லாந்து கிடந்தது. நகக்கண்களில் சிவப்பு. கனகவல்லி சேலைத் தலைப்பை நனைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றவில்லை.

தொட்டியில் சின்னது பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. பெரியவன் மேலே ஒரு மூலையில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். இனிமேல் ஊற்றுவதற்குத் தண்ணீர் இல்லை. எவ்வளவு சொல்லிக் கொடுத்தார் மனிதர். அத்தனையும் கேட்டு, அத்தனையும் செய்து, கடைசியில் ஒரு பிளக்கைப் பற்றி வாய் திறக்க முடியாமல் போய்விட்டதே என்று கனகவல்லி நினைத்தாள். தன்னைத் தவிர யாரையும் குறை சொல்ல அவளுக்கு வரவில்லை.

தாரிணி புரண்டாள். கண் பாதி திறந்தது.

“அம்மா... எல்லாத்தையும் சாப்டுருச்சா?”

கனகவல்லி சட்டென்று நகர்ந்து, மகளுக்கும் தொட்டிக்கும் நடுவில் உட்கார்ந்தாள். தலையிலிருந்த துண்டை உருவி, கூந்தலை இரண்டு பக்கமும் விரித்துப் போட்டுக்கொண்டாள்.

“சாப்ட்டுட்டு. நீ தூங்கு.”

“நாளைக்கும் நானே போடுறேன், என்ன?”

“சரி.”

தாரிணியின் கண் மூடிக்கொண்டது. முதுகுக்குப் பின்னால் கண்ணாடியில் ஏதோ மெதுவாக வந்து இடித்தது. கனகவல்லி திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.